கீழவீட்டு அலமாரி பற்றிய இரண்டாவது கேள்வி

மருதநேரி மேலவீட்டுத் தாணுலிங்கத்திடம் 'ஏன்' என்று கேட்டவர்கள் மிகவும் குறைவு. வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுத்தான் பழக்கம்; அந்தப் பக்கம் நின்று பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஊரிலும் அப்படித்தான். குளத்து மடையை எப்போது திறப்பது, கோயில் கொடை விழாவுக்கு யாரைத் தலைவராகப் போடுவது என்று எதிலும் அவர் சொன்னால் சொன்னதுதான். காரணம் கேட்பது மரியாதை இல்லை.

ஆகவே, பெயரைக்கூடச் சொல்லாத யாரோ ஒரு மனிதர், எந்த ஊரிலிருந்தோ, மேலவீட்டைப் பார்த்து 'ஏன்' என்று கேட்டிருக்கிறார் என்று மருமகள் லட்சுமிப்ரியா காலைக் காப்பியோடு வந்து சொன்னபோது, அவருக்கு முதலில் அது விளங்கவே இல்லை.

"யாரு கேட்டது?"

"தெரியாது மாமா."

"எந்த ஊரு ஆளு?"

"அதும் தெரியாது."

"பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. பின்னே எந்தத் தைரியத்துல கேக்கான்?"

"அவருக்கும் நான் யாருன்னு தெரியாது மாமா. அந்த இதழோட முறை அப்படித்தான்."

லட்சுமிப்ரியா நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் நூலகர். பூதப்பாண்டிப் பெண். மேலவீட்டுக்கு வந்த நாள் முதல், மாமனார் பேசும்போது குறுக்கே பேசாமல், பேசி முடித்ததும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளாமல் இருந்து வருபவள். அவள் கணவன் ஸ்ரீகுமாருக்குத் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் காலை ரயிலேறிவிடுவான். மாமியார் காலமாகிவிட்டாள். வார நாட்களில் அந்தப் பெரிய வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும்தான். அவர் பத்திரிகை வாசித்துக் காட்டுவார், அவள் கேட்பாள். அவள் கல்லூரிக் கதை சொல்வாள், அவர் தீர்ப்பு சொல்வார்.

அவள் இப்போது ஒரு கட்டுரை எழுதி, நூலகவியலுக்கென்றே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஓர் ஆங்கில ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தாள். அங்கே ஆசிரியர், எழுதியவரின் பெயரை நீக்கிவிட்டு, அதே தொழிலில் உள்ள இரண்டு பேருக்கு அனுப்புவார். அவர்கள் வாசித்து, சந்தேகத்தை எழுதி அனுப்புவார்கள். பதில் திருப்தியாக இருந்தால் அச்சேறும், இல்லாவிட்டால் இல்லை.

கட்டுரை மருதநேரி வாசகசாலையைப் பற்றியது. அந்த வாசகசாலையை நிறுவியவர் தாணுலிங்கத்தின் தாத்தா. நாஞ்சில் நாட்டில் வாசகசாலை உள்ள ஊர்கள் எத்தனையோ உண்டு. ஆனால் மருதநேரியில் ஒரு தனி வழக்கம். ஒரு வீட்டில் பெரியவர் இறந்தால், பதினாறாம் நாள் அடியந்திரத்தன்று அவர் பெயரில் அந்த வீட்டார் புத்தகங்களும், வசதி இருந்தால் ஓர் அலமாரியும் கொடுப்பார்கள். அந்தப் புத்தகங்கள் அந்த வீட்டு அலமாரியில்தான் இருக்கும்; வேறெங்கும் நகராது. மேலவீட்டு அலமாரி, நடுவீட்டு அலமாரி, பத்தாயப்புரை வீட்டு அலமாரி என்று ஊரே அங்கே வரிசையாக நிற்கும். வாசகர்களும் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "நடுவீட்டுல மூணாந்தட்டு, செவப்பு அட்டை" என்பார்கள்.

லட்சுமிப்ரியா ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் வாசகசாலையில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் பேசி, இந்த முறையின் நன்மையும் தீமையும் எழுதியிருந்தாள். நன்மை, ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் அலமாரியைத் தாங்களே துடைத்து, பூச்சி விழாமல் காப்பாற்றுகிறார்கள். தீமை, தென்னையைப் பற்றி ஒருவருக்குத் தெரிய வேண்டுமென்றால் ஐந்து வீட்டு அலமாரியைத் திறக்க வேண்டும். இதையெல்லாம் மாமனார் வாசித்து, "நியாயமா எழுதியிருக்கே" என்று சொல்லியும் இருந்தார். அதில் ஒரு வரி மட்டும், 'வாசகர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரு குறிப்பிட்ட அலமாரியைத் திறப்பதே இல்லை' என்று இருந்தது. அந்த வரியை இருவருமே பேசாமல் தாண்டிவிட்டார்கள்.

அந்தப் பெயரில்லாதவர் தாண்டவில்லை.

"முதல் ஆளு நல்லாருக்குன்னு எழுதியிருக்காரு. ரெண்டாவது ஆளோட ரெண்டாவது கேள்விதான் மாமா," என்று சொல்லி அவள் அச்செடுத்த தாளை நீட்டினாள்.

தாணுலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். 'ஒரு பகுதி வாசகர்கள் ஒரே ஓர் அலமாரியை முற்றிலும் தவிர்க்கிறார்கள் என்று ஆசிரியர் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார். ஏன் தவிர்க்கிறார்கள்? காரணம் ஆசிரியருக்குத் தெரிந்திருப்பதாகவே தோன்றுகிறது. இந்தக் கட்டுரையில் மற்ற நூலகர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி அதுவாகவே இருக்கலாம். அது இல்லாமல் இதை வெளியிட நான் பரிந்துரைக்க இயலாது.'

காரணம் மருதநேரியில் எல்லோருக்கும் தெரியும்.

தாணுலிங்கத்தின் ஒரே தங்கை வடிவாம்பாள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கீழவீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் முத்துநாயகம் பள்ளிக்கூட ஆசிரியர். சம்பளத்தில் பாதியைப் புத்தகத்துக்குக் கொடுத்தவர். அவர் போன பிறகு, கோட்டாற்று ஆசாரியிடம் தேக்கில் அலமாரி செய்து, அவர் புத்தகங்களையெல்லாம் அதில் வைத்து வடிவாம்பாள் வாசகசாலைக்கு அனுப்பினாள். கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தால், அது நிறுவனர் அலமாரியைவிட ஒரு சாண் உயரம். நிறுவனர் அலமாரிக்கு மேல் உயர்ந்து எதுவும் அந்த அறையில் நிற்கக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. செயலாளர் தாணுலிங்கம். ஆசாரி வந்தார். அலமாரியின் நான்கு கால்களும் ஒரு சாண் குறைந்தன.

அன்றோடு வடிவாம்பாள் மேலவீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்ணி இறந்தபோது மட்டும் வந்தாள். முற்றத்தில் நின்று அழுதாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போய்விட்டாள். சொந்தக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கல்யாணப் பந்தியில் இரண்டு வரிசை, வாசகசாலையிலும் இரண்டு வரிசை. மேலவீட்டுப் பக்கத்தார் கீழவீட்டு அலமாரியைத் தொடமாட்டார்கள்; அவர்கள் இவர்களுடையதைத் தொடமாட்டார்கள்.

இதை அச்சில் போடு என்கிறார் பெயரில்லாதவர்.

"எழுதாண்டாம்," என்றார் தாணுலிங்கம்.

"எழுதலேன்னா கட்டுரை வராது மாமா."

"வராண்டாம். அண்ணனும் தங்கச்சியும் அடிச்சுக்கிட்டத அமெரிக்காக்காரன் வாசிச்சுத்தான் ஆகணுமா?"

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போனவளை அவரே கூப்பிட்டார்.

"நான் ஒண்ணு கேக்கேன். எங்கிட்ட கேக்காமலே நீ எழுதி அனுப்பியிருக்கலாமே. எனக்குத் தெரியவா போகுது?"

"எழுதியிருக்கலாம். அப்புறம் ஒங்களுக்குச் சோறு வெளம்ப எனக்குக் கை வருமா மாமா?"

அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். அவருக்குத்தான் பத்திரிகை ஓடவில்லை. ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். புருஷன் ஊரில் இருக்கும் ஒரே விடுமுறை நாளில், அவனை வீட்டில் விட்டுவிட்டு வாசகசாலையில் போய் உட்கார்ந்தவள். அந்த உழைப்பு தன் ஒரு சொல்லால் வீணாவதை அவரால் ஏற்க முடியவில்லை. வீட்டுக் கதை வெளியே போவதையும் ஏற்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கத்தானே வேண்டும்? முப்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தவருக்கு அந்த வழி தெரியும். தணிக்கைக்காரர்கள் ஆட்சேபணை எழுப்பினால் பத்திவாரியாகப் பதில் எழுதி வாயை அடைப்பதில் அவரை மிஞ்சிய ஆள் கலெக்டர் ஆபீசிலேயே கிடையாது.

மாலையில் அவள் வந்தபோது பதில் தயாராக இருந்தது. 'பத்தி ஒன்று: மதிப்பாய்வாளரின் ஐயம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. பத்தி இரண்டு: மேற்படி அலமாரியில் மேற்படி வாசகர்களுக்குப் பயன்படத்தக்க நூல் எதுவும் இல்லாமையால், அதனைத் திறக்க வேண்டிய தேவை எழவில்லை. பத்தி மூன்று: எனவே இந்த ஆட்சேபணையைக் கைவிடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

லட்சுமிப்ரியா உதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்தாள்.

"சிரிச்சிரு. அடக்காண்டாம்," என்றார் அவர்.

"இல்ல மாமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரு திருப்பிக் கேப்பாரே."

"என்னன்னு கேப்பான்?"

"பயன்படுத புத்தகம் இல்லேன்னு எப்படித் தெரியும், திறந்து பாத்தியளான்னு கேப்பாரு."

தாணுலிங்கம் அந்தத் தாளைத் திரும்ப வாங்கி மடித்துவைத்தார். மாமனார் விட்டுவிட்டார் என்று அவள் நினைத்தாள். அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டிருந்தார். பணியில் இருந்த காலத்தில், நிலத்தில் போய் நிற்காமல் ஓர் அறிக்கையிலும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. இன்று ஒரு மூன்றாம் மனிதன் 'திறந்து பார்த்தாயா' என்று கேட்டு, இல்லை என்று சொல்லும்படி ஆனால், அது கலெக்டர் ஆபீசுக்கே கேவலம்.

மறுநாள் வாசகசாலை திறந்ததும் அவர் அங்கே இருந்தார். வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஜிஷா எழுந்து நின்றாள்.

"கீழவீட்டுச் சாவிய எடு."

அவள் சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"என்ன பாக்கே? தல ஆய்வு."

கதவு திறந்தது. உள்ளே முத்துநாயகம் தன் கையால் காகித அட்டை போட்டு, முதுகில் பெயர் எழுதி அடுக்கிய புத்தகங்கள். தாணுலிங்கம் மேல் தட்டிலிருந்து தொடங்கினார். தென்னை நோய்கள். நெல் விதைகள். சித்த மருத்துவம். ஆங்கில நாவல்கள். இரண்டாம் தட்டின் ஓரத்தில் ஒரு தடித்த பழைய அறிக்கை. நாஞ்சில் நாட்டுக் குளங்களும் வாய்க்கால்களும், எந்தக் குளத்துக்கு எந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் பாத்தியம் என்பது உட்பட.

அவர் அதை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். மெதுவாக உட்கார்ந்தார். மேல்மடைக்காரர்களோடு தண்ணீர்த் தகராறு வந்த நாளிலிருந்து இந்த அறிக்கையைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். ஸ்ரீகுமாரைத் திருவனந்தபுரத்தில் நூலகம் நூலகமாக ஏறி இறங்க வைத்திருந்தார். கிடைக்காததற்கு அவனைத் திட்டியும் இருந்தார்.

"இது எப்பம் இருந்து இஞ்ச கெடக்கு?"

"நான் வேலைக்குச் சேந்தப்பவே இருக்கு சார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"மேலவீட்டு ஆளுகளுக்கு இந்த அலமாரியக் காட்டாண்டாம்னு எனக்குச் சொல்லித் தந்திருக்கே சார்."

"எந்த மடையன் சொன்னான்?"

ஜிஷா சாவிக் கொத்தைப் பார்த்துக்கொண்டு, மிக மரியாதையாக, "செயலாளர் சார்," என்றாள்.

செயலாளர் அறிக்கையை முறைப்படி தன் பெயரில் பதிந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பத்தி இரண்டைக் கிழித்துப் போட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மருமகளிடம் கேட்டார்.

"ஒங்க தொழில்ல, சொந்த ஆபீஸ் கொறைய இப்பிடி ஊரறிய எழுதினவன் எவனாவது உண்டா?"

"உண்டாவா? அதுக்குத்தானே மாமா அந்த இதழே," என்றாள் அவள்.

அவள் மாடியிலிருந்து ஒரு கட்டு இதழ்களைக் கொண்டுவந்து வைத்தாள். கல்லூரியில் அச்சிதழ்கள் வாங்குவதை நிறுத்தியபோது, தூக்கிப் போட மனம் வராமல் அனுமதி பெற்று வீட்டுக்கு எடுத்து வந்தவை. அதன் பிறகு வந்தவை அவள் சொந்தச் சந்தாவில் வருபவை. தாணுலிங்கம் அவற்றைப் பார்த்திருக்கிறார். படமில்லாத அட்டையைப் பார்த்து, பரீட்சைக்கான புத்தகம் என்று நினைத்திருந்தார்.

அடுத்த சில நாட்கள் மேலவீட்டில் பத்திரிகை வாசிப்பு நின்றுபோனது. மதியம் முழுவதும் அவர் அந்த இதழ்களோடு உட்கார்ந்தார். ஒரு பொறியியல் கல்லூரி நூலகர், தாம் லட்சக்கணக்கில் விலை கொடுத்துத் தருவித்த இதழ்களில் பெரும்பாலானவை உறை பிரிக்காமலே கிடந்ததை எழுதியிருந்தார். ஒரு மருத்துவமனை நூலகர், ஒரு டாக்டர் அவசரமாகக் கேட்டபோது தான் தவறான கட்டுரையை எடுத்துக் கொடுத்ததையும், அதற்குப் பிறகு தன் முறையை எப்படி மாற்றிக்கொண்டாள் என்பதையும் எழுதியிருந்தாள். மலையடிவாரக் கல்லூரி ஒன்றில், மாணவர்கள் புத்தகத்துக்கு வரவில்லை, மின்விசிறிக்குத்தான் வருகிறார்கள் என்று ஒருவர் கணக்கெடுத்து நிரூபித்திருந்தார். அடுத்த இதழில் வேறொரு ஊர்க்காரர், எங்கள் ஊரிலும் அப்படித்தான், ஆனால் விசிறிக்கு அடியில் புத்தகத்தைப் போட்டதும் வாசிக்கத் தொடங்கினார்கள் என்று பதில் எழுதியிருந்தார்.

"இந்த விசிறிக்காரன் சொந்தப் பேரு போட்டு எழுதியிருக்கானே. மெமோ வரல்லியா அவனுக்கு?"

"பதவி உயர்வு வந்திருக்கும் மாமா."

"நல்ல டிபார்ட்மென்ட்டு," என்றார் அவர். பிறகு, "ஆனா இந்த நாலாவது கட்டுரைக்காரன் சரியில்ல. பத்துப் பேருட்ட கேட்டுட்டு மாவட்டத்துக்கே தீர்ப்பு சொல்லுகான். இவன்ட்ட யாரும் கேள்வி கேக்கல்லியா?" என்று கடிந்துகொண்டார். லட்சுமிப்ரியா வாசித்துப் பார்த்தாள். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பெயரில்லாதவர் பக்கத்துக்கு மாமனார் எப்போது கட்சி மாறினார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் மாலை அவள் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் அவர் சொன்னார்.

"எழுது."

அவளுக்குப் பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நெசமாவா மாமா?"

"ஆனா ஒரு நிபந்தனை. கட்டுரையில என்ன போட்டிருக்கே? ஒரு ஊரு, ஒரு வீடு, இன்னொரு வீடுன்னு. அது ஆகாது. மருதநேரின்னு போடு. மேலவீடுன்னு முழுசாப் போடு. எங்க தாத்தா பேரையும் போடு."

"பேர மறைச்சது ஒங்களுக்காகத்தானே மாமா. மரியாதைக்கு."

"எது மரியாதை? குத்தம் செஞ்சவனத்தான் பேர மறைச்சு, மூஞ்சிய மறைச்சுப் பேப்பர்ல போடுவான். நாங்க என்ன எவன் கழுத்துச் செயினையாவது அறுத்தோமா?"

"அலமாரிக் காலத்தான் அறுத்தோம்," என்றாள் அவள்.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குத் தாலுகா ஆபீசே எழுந்து நிற்கும். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். அவருக்கும் மீசைக்கடியில் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆனா மாமா, பேரு போடணும்னா ரெண்டு வீட்டுக்காரங்களும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். அது இதழோட விதி. நான் போயி கீழவீட்டு அத்தைட்ட கேட்டுக்கிடுகேன்."

"நீ போவாண்டாம்."

"எழுதினவ நான். நான்தானே மாமா போய்க் கேக்கணும்?"

"மேலவீட்டு மருமக கீழவீட்டு வாசல்ல போயி நின்னு, அவ முடியாதுன்னு சொல்லிட்டா? அந்தக் கேவலம் ஒனக்கு வராண்டாம்." செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "எனக்கு வந்தா நான் பாத்துக்கிடுகேன்."

கீழவீட்டு முற்றத்தில் வாழைக்குலைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வியாபாரி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். வடிவாம்பாள் நடுவே நின்று, எந்தக் குலைக்கு அடி பட்டிருக்கிறது என்று அவனோடு வழக்காடிக்கொண்டிருந்தாள். வாசலில் நிற்பவரைப் பார்த்ததும் வழக்கு நின்றது.

"யாரு, செயலாளரா?" என்றாள். "குலை வாங்க வந்தியளா? மட்டிக்குலை தீந்துபோச்சு. ஏத்தங்குலைதான் இருக்கு."

"ஒங்கிட்ட ஒரு காரியம் பேசணும் ஏட்டி."

"பேசுங்க. காது நல்லாத்தான் கேக்குது."

அவள் உட்காரச் சொல்லவில்லை. அவர் உட்காரவும் இல்லை. வண்டி போகும்வரை இருவரும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர், மருமகளின் கட்டுரையையும், பெயர் தெரியாத மனிதரின் கேள்வியையும், சம்மதம் வேண்டும் என்பதையும், ஒரு கோப்பை மேலதிகாரி முன் வைப்பதுபோல் ஒன்று விடாமல் சொன்னார். வடிவாம்பாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இத்தன வருஷமா ஒறவுக்காரங்க ஒருத்தனும் ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல்ல. எவனோ கேட்டிருக்கான் பாருங்க," என்றாள். "சரி, பிரியா காரணம்னு என்ன எழுதியிருக்கா?"

கிளம்பும்போது மருமகள் எழுதிக் கொடுத்திருந்த சம்மதத் தாளை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசித்தார். "'கீழவீட்டார் வழங்கிய அலமாரியின் உயரம் குறைக்கப்பட்டதால் ஏற்பட்ட மனவருத்தம் காரணமாக...'"

"நிறுத்துங்க. அது பொய்."

"எது பொய்? கால் அறுத்தது பொய்யா?"

"கால் அறுத்ததுக்கா நான் வராம இருந்தேன்? ஆசாரி அளவு தப்பிட்டான். அத எங்க வீட்டு நடையில இருந்து எறக்கதுக்குள்ள நாலு பேருக்கு முதுகு ஒடிஞ்சு போச்சு. காலக் கொறைக்கணும்னு நானே சொல்ல இருந்தேன்."

"பின்னே என்னத்துக்கு?"

"கடுதாசிக்கு."

அவர் விளங்காமல் பார்த்தார்.

"'திருமதி வடிவாம்பாள் அவர்களுக்கு, தாங்கள் வழங்கிய அலமாரி குறித்து'ன்னு ஒரு கடுதாசி. கீழ செயலாளர்னு ஒரு சீல். தபால்காரன் கொண்டாந்து தாறான். எங்க வீட்டு அவ்வோ போயி ஒரு மாசம் ஆகல்ல. வாய்க்காலத் தாண்டினா அண்ணன் வீடு. நேர வந்து, 'ஏட்டி, ஒன் அலமாரி ஒசரம் கூடிப்போச்சு, ஒரு சாண் கொறச்சிருவோம்'னு நின்னு சொல்லியிருந்தா, ரம்பத்த நானே எடுத்துத் தந்திருப்பேன். நீங்க தபால்ல அனுப்பினிய."

"அது நடைமுறை. எல்லாருக்கும் அனுப்புகதுதான்."

"எல்லாரும் ஒங்க தங்கச்சியா?"

அவர் நிமிர்ந்தே நின்றார். அந்த முதுகு வளைந்து மருதநேரியில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் கையிலிருந்த தாளை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். பிறகு கைப்பேசியை எடுத்து மருமகளைக் கூப்பிட்டார்.

"மக்களே, நீ எழுதின காரணம் தப்பு."

"ஐயோ, அத்தை சத்தம் போட்டாவளா மாமா?"

"எழுதிக்கோ. அலமாரி காரணம் இல்ல. வாசகசாலைச் செயலாளர் நேரில் சென்று சொல்ல வேண்டிய விஷயத்தை..." என்று தொடங்கி, நிறுத்தி, வாசகத்தைத் திருத்தினார். "நேரில் சென்று சொல்ல வேண்டியதைக் கடிதமாக அனுப்பியதே காரணம். அவ்வளவுதான். முற்றுப்புள்ளி."

"அப்பிடி எழுதாண்டாம்," என்றாள் வடிவாம்பாள்.

"இப்ப என்ன ஏட்டி? நீதானே சொன்னே?"

"நான் ஒங்ககிட்ட சொன்னேன். அச்சில போட்டா அண்ணன் பேரு கெட்டுப்போகும்."

"என் பேருதானே? கெடட்டும்."

"ஒங்க பேரு மட்டுமா அது? எங்க அண்ணன் பேரும்தான். ஒங்க இஷ்டத்துக்குக் கெட விட முடியாது."

கைப்பேசியில் லட்சுமிப்ரியாவின் குரல், "ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசினா எனக்கு ஒண்ணும் கேக்கல்ல," என்றது. வடிவாம்பாள் உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்து வந்து அண்ணன் பக்கத்தில் வைத்தாள்.

"இரிங்க. நின்னுக்கிட்டு சம்மதம் கேக்கவருக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அவர் உட்கார்ந்தார். அவள் கைப்பேசியை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டு, வாழையிலைக் கட்டின் மேல் வைத்தாள்.

"பிரியா, ரெண்டையும் போடு. அலமாரி ஒசரம் கூடிப்போச்சு, அதும் உண்மை. கடுதாசி வந்ததும் உண்மை. அந்தக் கேள்வி கேட்ட ஆளு எது காரணம்னு அவராப் பாத்து முடிவு பண்ணட்டும்."

"நூலகருக்குப் பயன்படுத மாதிரி ஒரு வரியும் வேணும் அத்தை. ஏன் கேக்கிறாங்கன்னா, நாளைக்கு வேற ஊர்ல இன்னொரு நூலகர் இத வாசிச்சா என்ன செய்யணும்னு தெரியணும்."

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புத்தகம் தந்தவ வீட்டுக்குச் செயலாளர் நடந்து போகணும்னு எழுது," என்றாள் வடிவாம்பாள். "காப்பி குடிக்கணும்னும் போடலாம். வேண்டாம்னா அத விட்டுரு."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. லட்சுமிப்ரியா தட்டச்சு செய்ததை மெதுவாக வாசித்துக் காட்டினாள். தாணுலிங்கம் இரண்டு இடத்தில் இலக்கணம் திருத்தினார். வடிவாம்பாள் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"செயலாளர், செயலாளர்னு எத்தன தடவ வருகு? அண்ணன்னு போடு."

"ஆய்விதழ்ல வெறும் அண்ணன்னு போட முடியாதே அத்தை. 'செயலாளர், கொடையாளரின் மூத்த சகோதரர்'னு போடலாம்."

வடிவாம்பாள் யோசித்தாள். "சரி, ரெண்டும் இருக்கட்டும்," என்று சொல்லி, அண்ணனின் சட்டைப்பையிலிருந்து பேனாவை அவளே உருவி எடுத்தாள். தாளை அவர் முழங்காலில் விரித்து வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

தாணுலிங்கம் கைப்பேசிப் பக்கம் குனிந்தார்.

"மக்களே, கொடையாளர் வடிவாம்பாள், கீழவீடுன்னு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் மாமா."

"அதோட, மேலவீட்டில் பிறந்தவர்னும் சேத்துப் போடு. எடம் இருக்கா?"

"இருக்கு மாமா."

"போடு," என்றார் அவர்.